‘வீட்லதான் இருக்கா’ என்று எழுதிவிடாதீர்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்கள் தெருவுக்கு வரப்போகும் ஆசிரியர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

2027 பிப்ரவரியில் நீங்கள் கையில் போனோடு குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்குவீர்கள். லேசான காரியமில்லை அது. என் சாச்சியும் (சித்தி) டீச்சர்தான். போன கணக்கெடுப்பில் ராத்திரி சுடுதண்ணியில் காலை வைத்துக்கொண்டு அவர் படிவம் சரிபார்த்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள்மேல் குறை சொல்ல எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வியை வேறு மாதிரிக் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

2011 பிப்ரவரியில் எனக்கு 23 வயது. மூத்தவன் கைக்குழந்தை. உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் கணக்கெடுக்க வந்தவர் மாமாவிடம் கேட்பது காதில் விழுந்தது: “மருமக வேலைக்குப் போறாங்களா?” மாமா சொன்னார்: “இல்ல, வீட்லதான் இருக்கா.”

மாமா பொய் சொல்லவில்லை. நான் எங்கேயும் போகவில்லைதானே. அப்போது என் கையில் இருந்தது ஒரு கல்யாண வீட்டுக்கான பதினோரு ஜாக்கெட்டில் ஏழாவது. கைக்குழிவில் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தேன். மாமா மூக்கில் இருந்த கண்ணாடியே போன மாதத் தையல் காசில் வாங்கியது. எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். மிஷினை நிறுத்தக்கூட இல்லை. இத்தனை வருஷமாக உறுத்துவது மாமா சொன்ன பதில் இல்லை. என்னிடமே கேட்டிருந்தாலும் நானும் “வீட்லதான்” என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் உறுத்துகிறது.

அந்தப் படிவத்தில் வேலை செய்யாதவர்களைப் பிரிக்க ஒரு வரிசை இருந்தது. மாணவர் 1, வீட்டு வேலை 2, பிறரைச் சார்ந்திருப்பவர் 3 என்று அது போகும். நான் அந்த 2க்குள் போய்விட்டேன். அதே படிவத்தில் ‘குடும்பத் தொழில்’ என்று ஒரு வகையும் இருந்தது என்று பின்னால்தான் சாச்சி சொன்னார். ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் அதில் இடம் உண்டாம். நோன்பு மாதத்தில் மட்டும் சமோசா மடித்துக் கடைக்குக் கொடுக்கிற பெண்ணுக்கும் இடம் இருந்திருக்கிறது. கேட்கவில்லை, சொல்லவில்லை, எழுதவில்லை. 2011 கணக்கில் நாடு முழுக்க வேலை செய்கிற பெண்கள் நூற்றுக்கு 25.5 பேர். அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த ஏழாவது ஜாக்கெட் ஞாபகம் வரும்.

இப்போது நான் தைப்பதில்லை. மிஷின் மேசைமேல் லேப்டாப் இருக்கிறது. என் உம்மா கேரளத்துப் பூவார்க்காரி. அதனால் மலையாளம் எனக்குப் படிக்கவும் வரும், திட்டு வாங்கவும் வரும். திருவனந்தபுரத்து நிறுவனம் ஒன்று மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றவேண்டியதை அனுப்பும். மிக்ஸி பெட்டிக்குள் இருக்கிற தாள், ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூட அறிவிப்பு, இப்படி. இப்போதெல்லாம் முதலில் இயந்திரம் மாற்றிவிடுகிறது, அதைத் திருத்துவது என் பாடு. மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. இயந்திரம் “நாளை பள்ளிக்கு அவதி” என்று அப்படியே விட்டுவைக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு தாய் அதைப் படித்தால் பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போவாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

விடியற்காலை சுபுஹ் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் ஆறே முக்கால்வரை எனக்கு நேரம். அப்புறம் பிள்ளைகள், சோறு, மாமிக்கு மாத்திரை. மதியத் தொழுகை லுஹருக்கும் மாலைத் தொழுகை அஸருக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். இரவுத் தொழுகை இஷாவுக்குப் பிறகு மறுபடியும் கொஞ்சம், கண் இழுக்கும்வரை. மாதம் 9,000 வரும், சில மாதம் 11,000. சின்னவளின் பள்ளிக் கட்டணம் அதில்தான். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலி இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். என் லேப்டாப் நேரம் அந்த 289ஐத் தாண்டி வருவது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘வீட்டு வேலை’ என்று எழுதினால் இரண்டுமே காணாமல் போகும்.

“பொம்பளை சம்பாத்தியத்த ஏன் வெளிய சொல்லணும்?” என்று எங்கள் தெருவிலேயே கேட்பார்கள். மார்க்கத்தின் பெயரிலும் கேட்பார்கள். அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குர்ஆனில் சூரா அந்நிஸாவின் 32ஆம் வசனம், ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு உண்டு, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்குப் பங்கு உண்டு என்கிறது. நபிகளின் மனைவி ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தன் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர். அதை நமக்கு எடுத்துச் சொன்னதும் ஒரு பெண்தான், ஆயிஷா (ரலி). இவ்வளவு எதற்கு, நம் தக்கலையில் அடங்கியிருக்கிற சூஃபி ஞானி பீர்முகமது அப்பா நெசவு செய்து பிழைத்தவர். ரஜப் மாதத்தில் அவருடைய ஞானப்புகழ்ச்சிப் பாடல்களை விடிய விடிய ஓதுகிறோமே, அந்த ராத்திரியில் யாராவது “அப்பா சும்மா வீட்லதான் இருந்தாரு” என்று சொல்வோமா?

இன்னொரு கட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுத்தறிவு.

என் உம்மும்மா (பாட்டி) சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் இந்தப் பக்கம் சேர்ந்தோம். அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனதில்லை. பஸ் போர்டு படிக்கத் தெரியாது. ரேஷன் கடையில் கைநாட்டு. கணக்கெடுக்க வந்தவர்களிடம் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் “அவங்களுக்குப் படிப்பு கெடையாது” என்றே சொல்லிவந்தார்கள்.

அவர் மவுத்தான பிறகு தகரப்பெட்டியைத் திறந்தோம். எனக்கு அப்போது பதினாலு வயசு. அடியில், வேட்டித் துணியில் சுற்றி ஒரு கட்டுக் காகிதம். அரபு எழுத்து. ஓதுகிற ஏதோ என்று நினைத்து ஒளு செய்துவிட்டு (கை, முகம், கால் கழுவிவிட்டு) வந்து எடுத்தேன். மதரஸாவில் படித்தபடி எழுத்துக் கூட்டினேன். அரபு வரவில்லை, வாயில் தமிழ் வந்தது. “தேங்காய் நூற்றுக்கு என்ன விலை போட்டான் என்று எழுதவும்.” கொழும்பில் கடையில் இருந்த உப்பாவுக்கு (தாத்தா) அவர் எழுதி, உப்பா ஊர் திரும்பியபோது கொண்டுவந்து சேர்த்துவைத்த கடிதங்கள். தமிழில் இருக்கிற, அரபியில் இல்லாத ஓசைகளுக்குப் புள்ளி சேர்த்த எழுத்து. அரபுத்தமிழ். வலமிருந்து இடமாக, கோடு போடாத தாளில் ஒரு வரிகூடச் சாயாமல் எழுதியிருந்தார். கடைசித் தாளின் பின்பக்கம் முழுக்கக் கணக்கு: காய் வெட்டு கூலி, சந்தாப் பணம், யாருக்கோ கொடுத்த கடன்.

எந்த மொழியிலாவது புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிவு உள்ளவர். கணக்கெடுப்பின் விதி அதுதான். குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011ல் 91.75 சதவீதம் என்று பெருமையாகச் சொல்கிறோம், எனக்கும் பெருமைதான். ஆனால் அதற்கு முந்தைய கணக்குகளில் உம்மும்மாவைப் போல எத்தனை பேர் விடுபட்டார்களோ. இன்றைக்கும் எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் “படிப்பு உண்டா?” என்று கேட்காதீர்கள். “எந்த எழுத்தாவது படிப்பீங்களா, எழுதுவீங்களா?” என்று கேளுங்கள். நேரே அவர்களிடமே.

அதேபோலத் தாய்மொழி. சின்ன வயசில் தாய் நம்மோடு பேசிய மொழி எதுவோ அது என்பது உங்கள் விதி. இந்த எல்லையில் ஒரே வீட்டுக்குள் மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று இருக்கும். குடும்பத் தலைவர் சொன்னதை எல்லாருக்கும் இழுத்துவிடாதீர்கள்.

கதவு உடனே திறக்காத வீடுகளும் இருக்கும். ஏன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். 2020 தொடக்கத்தில், குடியுரிமையை நிரூபிக்கச் சொல்வார்களோ என்ற பயத்தில், ‘கணக்கெடுப்பு’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் மக்கள் நடுங்கினார்கள். பிறப்புச் சான்றிதழ் தேடி என் மாமி மூன்று நாள் பெட்டி பெட்டியாகக் கொட்டிப் பார்த்தார். அந்தப் பயம் முழுக்கப் போய்விடவில்லை. 1948ஆம் வருஷத்துக் கணக்கெடுப்புச் சட்டத்தில் 15ஆம் பிரிவு இருக்கிறதே, ஒருவர் சொன்ன விவரத்தை வேறு யாருக்கும் காட்டக்கூடாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் எடுக்கமுடியாது என்று. அதை வாசலில் நின்று முதலில் சொல்லுங்கள். இரண்டு வாக்கியம்தான். பாதி பயம் அப்போதே இறங்கிவிடும்.

பிறகு உள்ளே இருக்கிற பெண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள். வந்தது ஆண் ஆசிரியர் என்றால் அவள் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லலாம். பரவாயில்லை, குரல் கேட்டால் போதும். “வேலைக்குப் போறீங்களா?” என்று தொடங்காதீர்கள். “போன 12 மாசத்துல காசு வர்ற மாதிரி வீட்டுல என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். முதலில் “ஒண்ணுமில்ல” என்றுதான் வரும். அப்படியே நில்லுங்கள். “டியூஷன் எடுத்தீங்களா, தச்சீங்களா, பலகாரம் போட்டீங்களா, போன்ல ஏதாவது வேலையா?” என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டே அவள் யோசிப்பாள். ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம் கூடுதலாகும், அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் கேட்கிறேன். இந்த முறை நாமே இணையத்தில் விவரம் நிரப்பிக்கொள்ளவும் வழி உண்டு என்கிறார்கள். அப்படி நிரப்பினால் எங்கள் வீட்டுக்கு நான்தான் நிரப்புவேன், மாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வேண்டாம். அஸருக்குப் பிறகு வாருங்கள். எங்கள் வாசலுக்கு நானே வருவேன். பக்கத்து வீட்டு ராத்தா காலையில் நாலு மணிக்கு எழுந்து இரண்டு சாயாக்கடைகளுக்கு ஒறட்டி (அரிசி ரொட்டி) சுட்டுக் கொடுப்பவர். சாயங்காலம் மறுநாளைக்கு மாவு வறுத்துக்கொண்டிருப்பார். கதவைத் தட்டினால், “ஆம்பிளைங்க யாரும் இல்ல” என்று உள்ளேயிருந்து குரல் வரும். திரும்பிவிடாதீர்கள். அவர் கை கழுவிவிட்டு வர ஒரு நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்திலிருந்து
இரண்டு பிள்ளைகளின் உம்மா, மொழிபெயர்ப்பாளர்