கடலடியில் கிடக்கும் அந்தக் கல்லைத் தொடாதீர்கள்

சர்வதேசக் கடலடி ஆணையத்தின் உறுப்பு நாடுகளுடைய பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

ஒரு கல்லைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல். பசிபிக் பெருங்கடலில், ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே, நாலாயிரம் ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில், சேற்றில் பாதி புதைந்து கிடக்கிறது அந்தக் கல். உருளைக்கிழங்கு அளவுதான் இருக்கும், கரிய நிறம். அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையங்கள் போல அடுக்கடுக்காகத் தெரியும். சில கற்களின் நடுவில் ஒரு சுறாப்பல் இருக்கும். எந்தக் காலத்திலோ செத்த சுறாவின் பல் அடியில் போய்த் தங்க, நீரில் கரைந்திருந்த மாங்கனீசும் இரும்பும் அதன்மேல் படியத் தொடங்கின. நிக்கல், தாமிரம், கோபால்ட் எல்லாம் கூடவே சேர்ந்தன. பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர், அவ்வளவுதான் அதன் வளர்ச்சி.

அந்த உலோகங்களுக்காக இதை அள்ளலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நீங்கள் கூடிப் பேசுவது பெரும்பாலான மக்களுக்குத் தெரியவே தெரியாது. உலகின் கடலடியில் பாதிக்கும் மேல், எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாதது. அந்தப் பாதிக்கான முடிவு உங்கள் அறையில் எடுக்கப்படுகிறது.

அங்கே கல் மட்டும் கிடக்கவில்லை. 2016-இல் ஹவாய் அருகே 4,000 மீட்டருக்கும் கீழே ஒரு வெள்ளை ஆக்டோபஸைக் கேமரா கண்டது. மீனவர்கள் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்பார்கள். இதைப் பார்த்தால் அந்தப் பெயர் இதற்காகவே வைத்தது போல இருக்கும், உடம்பு அப்படிக் கண்ணாடியாக வெளுத்திருக்கிறது. பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் இதே வகை ஆக்டோபஸ்கள் அடைகாப்பதையும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்தச் சேற்றில் முட்டையை எங்கே ஒட்டுவது? உலோகக் கல்மேல் ஒரு கடற்பஞ்சு முளைக்கும், பிறகு அது செத்து, தண்டு மட்டும் நிற்கும். அந்தத் தண்டில் சுமார் முப்பது முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டு, தாய் அதைச் சுற்றிப் படுத்துக்கொள்கிறது. எத்தனை காலம் அப்படி இருக்கிறதோ! கலிபோர்னியாவுக்கு அருகே வேறொரு வகை ஆழ்கடல் ஆக்டோபஸ் 53 மாதங்கள் இடம்விட்டு அசையாமல் அடைகாத்ததைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கல்லை எடுத்தால் பஞ்சு இல்லை, பஞ்சு இல்லையென்றால் தண்டு இல்லை. அந்தத் தாய் எங்கே போகும்?

இது ஒரே ஒரு உயிரின் கதை. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடைப்பட்ட அந்தப் பகுதியில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டவற்றில் பத்தில் ஒன்பது இனங்களுக்கு அறிவியல் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பெயர் வைப்பதற்கு முன்பே அழித்துவிட்டால், என்ன இழந்தோம் என்று சொல்லவும் நம்மிடம் சொல் இருக்காது.

"கொஞ்ச இடத்தில் எடுத்துப் பார்ப்போமே, தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் உங்கள் கூட்டங்களிலும் உண்டு. அந்தப் பரிசோதனை ஏற்கெனவே நடந்தாயிற்று. 1989-இல் பெருவுக்கு அப்பால் ஜெர்மன் விஞ்ஞானிகள் எட்டு மீட்டர் அகலமுள்ள ஒரு கலப்பையை, சுமார் 11 சதுர கிலோமீட்டர் கடலடியில் 78 முறை இழுத்தார்கள். கற்களை அவர்கள் எடுக்கக்கூட இல்லை, சேற்றைப் புரட்டினார்கள், அவ்வளவுதான். 26 ஆண்டுகள் கழித்து 2015-இல் போய்ப் பார்த்தபோது உழவுசால் நேற்றுப் போட்டதுபோல அப்படியே இருந்தது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்களின் செயல்பாடுகூடப் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. 1979-இல் பசிபிக்கில் ஒரு சோதனை இயந்திரம் ஓடிய தடத்தையும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு போய்ப் பார்த்தார்கள். சில சிறு உயிர்கள் திரும்பி வந்திருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தடம் அழியவில்லை. இப்போது வரப்போகும் இயந்திரங்கள் கலப்பை அல்ல. கற்களையும் மேல்சேற்றையும் சேர்த்து உறிஞ்சுபவை. அவை கிளப்பும் சேற்றுப்புகை எவ்வளவு தூரம் போய் எந்த உயிரின் வாயை அடைக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

மின்சார வண்டிகளுக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். புவி சூடாவதை நிறுத்தியாக வேண்டும், பெட்ரோலை விட்டு விலகியாக வேண்டும். ஆனால் நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் 2024-இலேயே உலகின் மின்சார வண்டிச் சந்தையில் ஏறத்தாழ பாதியைப் பிடித்துவிட்டன. கூடவே, கடலில் தோண்டினால் நிலத்தில் தோண்டுவது நின்றுவிடும் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. காடும் போகும், கடலும் போகும்.

உங்கள் ஆணையம் பிறந்த கதைக்கு வருகிறேன். 1967-இல் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா. சபையில் எழுந்து, கடலடி மனிதகுலம் முழுமைக்கும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். 1982-இன் கடல் சட்ட உடன்படிக்கை அதை அப்படியே 136-ஆவது பிரிவில் எழுதிவைத்தது. கடல்சார் சூழலைக் காக்க வேண்டும் என்று 145-ஆவது பிரிவு உங்களைப் பணிக்கிறது. பொதுச் சொத்து என்றால் பங்கு பிரித்து விற்கலாம் என்று ஒரு கூட்டம் பொருள் கொள்கிறது. குடும்பச் சொத்தில்கூட வயது வராத பிள்ளைக்குப் பங்கு இருந்தால் நினைத்தபடி விற்றுவிட முடியாது. இந்தச் சொத்தின் பங்காளிகளில் பெரும்பாலோர் இன்னும் பிறக்கவே இல்லை. அவர்களிடம் யார் கையெழுத்து வாங்கப்போகிறீர்கள்?

அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. ஓர் உறுப்பு நாடு கேட்டால் சுரங்க விதிகளை இரண்டாண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு விதியை 2021-இல் பசிபிக் தீவு நாடான நவ்ரு கையில் எடுத்தது முதல் உங்கள்மேல் அழுத்தம் ஏறிக்கொண்டேயிருக்கிறது. பாஸ்பேட்டுக்காகத் தன் தீவின் நடுப்பகுதியையே வெட்டிக் கொடுத்து வெறும் கற்கூம்புகளோடு நிற்கும் நாடு அது. அதன் நெருக்கடியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்டுக்கு வருமானம் தேட உலகம் வேறு வழி கண்டிருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா, உடன்படிக்கையில் சேராத நாடு என்ற நிலையில், தன் சட்டத்தின்படியே அனுமதி வழங்க உத்தரவிட்டது. "அவர்கள் ஆரம்பிப்பதற்குள் நாமும் விதிகளை முடித்துவிடுவோம்" என்ற பேச்சு கிளம்பியிருக்கிறது. தயவுசெய்து அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒருவர் வேலியைத் தாண்டினால் எல்லோரும் சேர்ந்து வேலியையே பிடுங்கிப் போடுவது எந்த ஊர் நியாயம்?

பலாவ், ஃபிஜி, சமோவா என்று சிறிய தீவுகள் முதலில் குரல் கொடுத்தன. பிரான்ஸ் முழுத் தடையே கேட்டது. 35-க்கும் மேற்பட்ட நாடுகள் இன்று நிறுத்திவைக்கச் சொல்கின்றன. ஆய்வு ஒப்பந்தம் வைத்திருக்கும் இந்தியா, சீனா, ஜெர்மனி போன்ற நாடுகளின் பிரதிநிதிகளே, ஜெர்மனி தன் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டே சுரங்கத்துக்கு இடைக்கால நிறுத்தம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மற்றவர்களாலும் முடியும். ஆய்வு நடக்கட்டும், அந்த உயிர்களுக்குப் பெயர் கிடைக்கட்டும். சுரங்க அனுமதி மட்டும் யாருக்கும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு முன்பு ஒன்று செய்யுங்கள். 1989-இல் உழுத அந்தச் சேற்றை 2015-இல் எடுத்த படங்களை அறையின் திரையில் போடுங்கள். அதற்குப் பக்கத்தில், பஞ்சுத் தண்டைக் கட்டிக்கொண்டு முட்டைகளோடு இருக்கும் அந்த வெள்ளை ஆக்டோபஸின் படத்தையும் போடுங்கள். இரண்டையும் பார்த்துக்கொண்டே கையை உயர்த்துங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பொதுச் சொத்தின் பங்காளிகளில் ஒருத்தி