தானுகிகள் ஜெயித்துவிட்டதாக நினைக்கும் பிள்ளைகளின் சார்பில்

சிறார் படவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிறு நீங்கள் திரையிட்ட 'பொம் போகோ' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் பற்றித்தான் எழுதுகிறேன். நடந்தது உங்களுக்கே தெரியும், படத்தைப் பாதியில் நிறுத்தியது நீங்கள்தானே. அதனால் நேராகக் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன்: அந்தப் படத்தை இன்னொரு முறை, முழுசாகப் போடுங்கள்.

சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார், காக்க வைக்க முடியாது. சரி. ஆனால் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று யாராவது கவனித்தீர்களா? பேய் ஊர்வலம் முடிகிற இடத்தில். தோக்கியோவுக்கு மேற்கே தாமா மலைகளை வெட்டிப் புதுநகரம் கட்டுகிறார்கள். காடு பறிபோகிற தானுகிகள் (நினைத்த உருவம் எடுக்கும் என்று ஜப்பானியக் கதைகள் சொல்லும், நரி போன்ற காட்டு விலங்குகள்), மறந்துபோன உருமாறும் வித்தையைத் திரும்பக் கற்று, ஷிகோகு தீவிலிருந்து மூன்று பெரியவர்களையும் வரவழைத்து, மனிதர்களை விரட்ட நடத்தும் ஊர்வலம் அது. பூதமும் பேயும் எலும்புக்கூடும் தெருவை அடைத்துக்கொண்டு வருகின்றன. மனிதர்கள் அலறி ஓடியிருக்க வேண்டும். அவர்களோ வேடிக்கை பார்த்து ரசிக்கிறார்கள். மூன்று பெரியவர்களில் ஒருவரான இனுகாமி கியோபு அந்த முயற்சியிலேயே உயிரை விடுகிறார். மறுநாள் ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி, அதெல்லாம் எங்கள் விளம்பர ஏற்பாடு என்று சொல்லி மொத்தப் பெயரையும் தட்டிக்கொண்டு போகிறார்.

அந்த மறுநாள்தான் நம் அரங்கில் வரவில்லை. படத்தில் வேடிக்கை பார்த்த குடியிருப்புக்காரர்களைப் போலவே நம் பிள்ளைகளும் கைதட்டினார்கள், நீங்கள் விளக்கைப் போட்டீர்கள், மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். என் மகள் வீடு வந்து சேரும்வரை "தானுகி ஜெயிச்சிருச்சு, தானுகி ஜெயிச்சிருச்சு" என்று குதித்துக்கொண்டே வந்தாள். இல்லைடி, தோற்றுவிட்டன என்று நான் எப்படிச் சொல்வது? எப்படித் தோற்றன என்று காட்டத்தானே அதற்கப்புறம் அரைமணி நேரத்துக்கு மேல் படம் இருக்கிறது!

பாதியில் நிறுத்தியது ஒரு பக்கம். அதற்கு முன் ஒரு காட்சியைக் காட்டாமல் வேகமாக ஓட்டிவிடப் பார்த்தது இன்னொரு பக்கம். தானுகிகள் கூடியிருக்கும் கூட்டத்தில், இத்தனை நேரம் நீங்கள் உட்கார்ந்திருந்த சிவப்பு விரிப்பு என் விதைப்பைதான் என்று பெரியவர் ஒருவர் சுருக்கிக் காட்டுவாரே, அந்தக் காட்சி. மைக்கில் தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்த உங்கள் நண்பர் திடீரென்று இருமினார். மடிக்கணினியில் இருந்தவர் கர்சரைப் பிடித்து இழுத்தார். அது எங்கேயோ போய் நின்றது, பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது, அதே விதைப்பை இன்னும் பெரிதாகத் திரையில் நின்றது. "சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்று அறிவித்தீர்கள். அதுவரை அதைக் கவனிக்காத பிள்ளைகளும் அதற்கப்புறம்தான் கவனித்தார்கள்.

ஐயா, ஜப்பானில் அது ஒளித்து வைக்கிற சமாச்சாரமே இல்லை. வைக்கோல் தொப்பியும் கையில் சாகே என்ற அரிசி மதுக் குடுவையும் அந்தப் பெரிய பையுமாக, ஷிகராகி ஊர்க் களிமண்ணில் சுட்ட தானுகி பொம்மை கடை வாசல்களில் நிற்கும். காசு பெருகும் என்று ஐதீகம். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பற்றிப் பாடுகிற கேலிப்பாட்டு ஒன்று இருக்கிறது, மெட்டு ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய ஓவியரான குனியோஷி இதையே வைத்து வரிசையாக மரச்செதுக்கு ஓவியங்கள் போட்டிருக்கிறார். நம் ஊரில் மட்டும் இருமல் வந்துவிடுகிறது.

இத்தனைக்கும் கட்டுமான லாரிகளைக் கவிழ்த்து மனிதர்கள் சாகிற பகுதியை நீங்கள் ஓட்டவில்லை. செத்தவர்களுக்காகத் துக்கம் காட்டப் பார்த்து, அடக்க முடியாமல் தானுகிகள் சிரித்துவிடுகிற இடத்தையும் ஓட்டவில்லை. சாவு பரவாயில்லை, விதைப்பை ஆகாது. குழந்தைகளுக்கானது எது என்று முடிவு செய்பவர்கள் குழந்தைகளைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று சில சமயம் சந்தேகம் வருகிறது. மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு.

முழுசாகப் போடுங்கள் என்று நான் கெஞ்சுவதற்கு அந்தப் பைதான் காரணம். ஷிகோகுவின் மூன்று பெரியவர்களில் ஒருவரான, யாஷிமாவிலிருந்து வந்த 999 வயதுக்காரர் கடைசியில் அதையே புதையல் கப்பலாக விரித்து, உருமாறத் தெரியாத தானுகிகளை ஏற்றிக்கொண்டு ஆற்றோடு போகிறார். பாட்டும் கூத்துமாகச் சாவை நோக்கிப் போகிற கப்பல் அது. முதலில் சிரிக்க விடாத பிள்ளைக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்காது. படத்தை இயக்கிய இசாவோ தகஹாதா அதற்காகத்தான் முதலில் சிரிக்க வைத்திருக்கிறார். மிஞ்சிய தானுகிகள் இருக்கிற சக்தியையெல்லாம் கூட்டிப் பழைய தாமாவை ஒரு கணம் கண்முன் கொண்டுவருவது அதற்கப்புறம். உருமாறத் தெரிந்தவை மனித வேடத்தில் அலுவலகத்துக்கு ரயிலேறுவதும் அப்புறம்தான். எல்லாம் முடிந்து பொன்கிச்சி என்ற தானுகி நம் பக்கம் திரும்பிக் கேட்கும்: வளர்ச்சிப் பணிகளால் நரியும் தானுகியும் மறைந்துவிட்டன என்று டிவியில் சொல்கிறீர்களே, அதை நிறுத்துங்கள்; எங்களில் சிலருக்காவது உருமாறி மறையத் தெரியும், முயலும் மரநாயும் என்ன செய்யும்?

1994இல் ஜப்பானியப் படங்களிலேயே அதிகம் வசூலித்தது இதுதான். மறு ஆண்டு பிரான்சின் அன்சி அனிமேஷன் படவிழாவில் முதல் பரிசும் வாங்கியது. அங்கெல்லாம் பொன்கிச்சியைப் பேச விட்டிருக்கிறார்கள்.

ஆகவே தயவுசெய்து 119 நிமிடத்தையும் ஒரே மூச்சில், ஓட்டாமல், மீண்டும் திரையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் எந்த ஞாயிறு என்றாலும் சரி. மைக்கில் கதை சொல்ல ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன், எனக்கு இருமல் இல்லை. விருந்தினருக்கான பொன்னாடையை மட்டும் படம் தொடங்கும் முன்பே போர்த்திவிடுங்கள்.

நன்றி.
இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா