கயலுக்கு, உன் ப்ராஜெக்ட் பற்றி

கயல் கண்ணு,

ரத்தக்குழாய் ஆபரேஷன் ஆனவர்களைத் திரும்ப ஸ்கேனுக்கு வரவைக்கிறது பற்றி நீ அனுப்பிய ப்ராஜெக்ட் பேப்பரைப் படித்தேன். ஆபரேஷன் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று நீ அலுத்துக்கொள்வது புரிகிறது. ஆனால் உன் துறையில் நான் வாய் திறக்க முடிகிற ஒரே விஷயம் இந்தக் குவாலிட்டி சமாச்சாரம்தான், விடுவேனா?

நீ எடுத்தது நல்ல பிரச்சினை. வயிற்றுப் பெரிய ரத்தக்குழாய் வீங்கினவருக்குத் தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது கம்பி வலை வைத்த செயற்கைக் குழாய், வைத்துவிடுகிறீர்கள், பெரிய தழும்புகூட இல்லாமல் சில நாளில் நடந்தே வீட்டுக்குப் போய்விடுகிறார், அவரைப் பொறுத்தவரை வியாதி முடிந்தது. கிராஃப்ட்டைத் தாண்டி ரத்தம் கசிந்து வீக்கம் மறுபடி வளரலாம், வெடிக்கவும் வெடிக்கலாம், அதற்காக ஆயுசுக்கும் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றால் வலியே இல்லாத மனிதர் எதற்கு வருவார்? 2011-ல் தொடங்கிய உங்கள் அமெரிக்க வாஸ்குலர் குவாலிட்டி இனிஷியேட்டிவ், ரத்தக்குழாய் சிகிச்சைகளைப் பதிவுசெய்து தரம் பார்க்கிற ரெஜிஸ்ட்ரி, இதை நாடு முழுக்க ஒரு இலக்காகவே வைத்திருக்கிறது என்று நீதான் சொன்னாய்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ஆப், எஸ்எம்எஸ், கம்ப்யூட்டரில் அலர்ட், நோயாளிக்கு வீடியோ, வார்டில் போஸ்டர், எல்லாம் ஒரே மாதத்தில். உன் மென்ட்டர் இதில் நாலை அடித்துவிட்டார் என்று உனக்குக் கோபம். நான் அவர் கட்சி. ஐந்தையும் ஒன்றாகப் போட்டு எண்ணிக்கை ஏறினால் எதனால் ஏறியது என்று எப்படிச் சொல்வாய்? ஏறாவிட்டால் அதைவிடச் சிக்கல்.

பலன் எப்போது தெரியும் என்று அவர் கேட்ட இன்னொரு கேள்வியைத்தான் நீ சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வருஷ ஃபாலோஅப் என்றால் ஆபரேஷன் முடிந்து 9 மாதத்திலிருந்து 21 மாதத்துக்குள் பார்த்தது. உன் ஃபெலோஷிப் பயிற்சியே மொத்தம் 2 வருஷம். இன்று கிராஃப்ட் வைத்தவர் வந்தாரா இல்லையா என்று தெரிவதற்குள் நீ பெட்டி கட்ட ஆரம்பித்திருப்பாய். அதனால் வாரா வாரம் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றையும் எண்ணு: டிஸ்சார்ஜ் ஆகிறவர்களில் எத்தனை பேர் ஸ்கேனுக்குத் தேதியும் நேரமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதை மட்டும் எண்ணினால் சீட்டு அச்சடிப்பது நூறு சதவீதம் ஆகிவிடும், ஆள் வரமாட்டார், ஆகவே அந்த ஒரு வருஷ எண்ணிக்கையையும் விட்டுவிடாதே.

கிராஃப் போடுவதற்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் ஆளைத் தேடாதே. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு 1998-ல், தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கிற டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவில் முதல் கம்பெனி. அந்தக் காலத்தில் எங்களை மாதிரிச் சின்னப் பட்டறைகளிலும் மெஷினுக்குப் பக்கத்தில் கிராஃப் ஷீட் தொங்கும், ஆபரேட்டர் எண்ணெய்க் கையோடு பென்சிலில் புள்ளி வைத்துவிட்டுப் போவார், ஷீட்டின் ஓரமெல்லாம் கட்டைவிரல் ரேகை. நடுவில் மீடியன் கோடு, பாதிப் புள்ளி அதற்கு மேலே, பாதி கீழே. கோட்டுக்கு ஒரே பக்கமாக வரிசையாக ஆறு புள்ளி விழுந்தால் ஏதோ நிஜமாகவே மாறியிருக்கிறது, ஒரு புள்ளி எகிறியதற்கெல்லாம் குதிக்கக் கூடாது. உங்கள் ஆஸ்பத்திரிகளிலும் இதே கணக்குதான்.

அப்புறம் நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்கள் யூனிட்டில் ஒரு ட்ரெய்னி எஞ்சினியர், கெட்டிக்காரப் பையன், துளை அளவில் வந்துகொண்டிருந்த ரிஜெக்ஷனை நன்றாகக் குறைத்துக் காட்டினான், சர்டிஃபிகேட் எல்லாம் கொடுத்தார்கள். அவன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன கொஞ்ச நாளில் ரிஜெக்ஷன் பழையபடி ஏறிவிட்டது. தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் கேஜை, அதாவது அளவு பார்க்கிற கருவியை, அவனே எடுத்துச் சரிபார்த்திருக்கிறான். அது யாருடைய வேலை என்று எந்தத் தாளிலும் இல்லை. ஃபெலோக்கள் வந்து போகிறவர்கள், உன் ப்ராஜெக்ட்டுக்கும் இந்தக் கதி வரும். கான்ஃபரன்ஸில் போஸ்டர் ஒட்டிய மறுநாள் ஸ்கேன் தேதி யார் போடுவார்கள்? டாக்டர் பெயர் எழுதாதே. வார்டில் டிஸ்சார்ஜ் பேப்பர் கொடுக்கிற நர்ஸ், அப்பாயின்ட்மென்ட் மேஜையில் உட்கார்ந்திருக்கிறவர், இந்த ரெண்டு பேரையும் முதல் கூட்டத்திலேயே கூப்பிடு. மகன் காரை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான், பெரியவர் வீல்சேரில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்த நேரத்தில் கொடுக்கிற பத்துப் பக்கத்தில் உன் ஸ்கேன் எத்தனையாவது பக்கம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு உபரித் தகவல். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு சர்ஜன், நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு, ஒரு வருஷம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்து எழுதினார், தன் ஆஸ்பத்திரியில் நடந்த தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். 337 நோயாளி, 123 தவறு. கூட இருந்த டாக்டர்களுக்கு ஆளைப் பிடிக்கவில்லை, நூறு வருஷத்துக்கு முன்னால். உன் எண்ணிக்கை மோசமாக வந்தால் உன்னை யாரும் அப்படி ஒதுக்க மாட்டார்கள், முதல் மாதம் மோசமாகத்தான் வரும், அப்படியே மென்ட்டரிடம் காட்டு.

இந்த வாரம் ஆப் பக்கமே போகாதே. கடைசியாக டிஸ்சார்ஜ் ஆன இருபது பேருடைய பேப்பரை எடுத்து, தேதி போட்டிருக்கிறதா, போட்டது யார் என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது. அம்மா பொடி அரைத்துவைத்திருக்கிறாள், பார்சலுக்குப் புது வீட்டு அட்ரஸை அனுப்பு.

அப்பா