மின்கார், ஹைபிரிட் பற்றிக் கருத்துக் கேட்போருக்கு ஒரு திறந்த மடல்

கருத்துக்கணிப்பு நடத்துவோருக்கும் அதற்கான வினாத்தாளை எழுதித் தருவோருக்கும் வணக்கம்.

மின்காரையும் ஹைபிரிட்டையும் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஓயாமல் கேட்கிறீர்கள். இத்தனை சதவீதம் பேர் ஹைபிரிட் பக்கம், இத்தனை பேருக்கு மின்கார் என்றாலே தயக்கம் என்று முடிவும் வந்துவிடுகிறது. கார் ஆலைகள் அதைப் பார்த்துத் திட்டம் போடுகின்றன, அரசுகள் அதைப் பார்த்துச் சலுகை கொடுக்கின்றன, பிறகு எடுத்தும்விடுகின்றன. இந்த வண்டிகளைத் திறந்து பழுது பார்ப்பது எங்கள் வேலை. எங்களை உறுத்துவது உங்கள் முடிவுகள் அல்ல, வினாத்தாள்தான். பதில் சொன்னவர் எந்த வண்டியை, எந்தப் பேட்டரியை, எந்தச் சார்ஜரை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பது அதில் எங்கும் பதிவாவதில்லை.

"ஹைபிரிட்" என்ற கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மைல்ட் ஹைபிரிட்டில் இருப்பது பெரும்பாலும் 48 வோல்ட் பேட்டரியும், பெல்ட் வழியாக எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன மோட்டாரும்தான். மின்சாரத்தில் மட்டும் ஓடுவது இவற்றில் பெரும்பாலானவற்றால் ஆகாது. முழு ஹைபிரிட்டில் 1 முதல் 2 கிலோவாட் மணி (மின் கட்டண ரசீதில் வரும் யூனிட்தான் இது) அளவுக்குப் பேட்டரி இருக்கும். மெதுவாகப் போகும்போது எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் மோட்டாரிலேயே நகரும். ஆனால் பிளக் கிடையாது. அந்தப் பேட்டரிக்குள் போகும் சக்தி எல்லாம், பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைப்பதும் சேர்த்து, முதலில் டேங்கில் ஊற்றிய பெட்ரோல்தான். பிளக்-இன் ஹைபிரிட் இன்னொரு ரகம். 10 முதல் 20 கிலோவாட் மணி வரை பேட்டரி, வெளியிலிருந்து சார்ஜ் போட இடம், சார்ஜ் இருக்கும்வரை அன்றாட ஓட்டத்தைப் பெட்ரோல் இல்லாமலே முடிக்கும் வசதி. இந்த மூன்று ரக வண்டிக்காரரையும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்கிறீர்கள். விளம்பரங்களும் குழப்பத்தை வளர்த்துவிட்டன. "தானே சார்ஜ் ஏறும் ஹைபிரிட்" என்ற விளம்பரம் வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்கு இழுக்கிறது என்று நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2020-இலேயே சொல்லிவிட்டது. எனவே பெயரைக் கேட்காதீர்கள். "உங்கள் வண்டியில் சார்ஜ் பிளக் மாட்ட இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இருக்கிறது என்பவரிடம் அடுத்த கேள்வி: "கடந்த 7 நாளில் எத்தனை முறை மாட்டினீர்கள்?" இது இல்லாமல் பிளக்-இன் ஹைபிரிட் பற்றி எந்தக் கருத்தும் பொருள் தராது. கார்களிலேயே பதிவாகும் எரிபொருள் கணக்கை எடுத்துப் பார்த்து, இவ்வகைக் கார்கள் சாலையில் விடும் கரியமில வாயு ஆய்வகச் சோதனையில் காட்டியதைப்போலச் சுமார் 3.5 மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024-இல் அறிவித்தது. காரில் கோளாறு இல்லை. சோதனை எதிர்பார்த்த அளவுக்குப் பலரும் சார்ஜ் போடுவதில்லை. பேட்டரி காலியாக இருக்கும்போது அது கனத்த பேட்டரியைச் சுமந்து ஓடும் பெட்ரோல் கார், அவ்வளவுதான். "மைலேஜ் ஏமாற்று வேலை" என்று எழுதிக் கொடுத்தவர் கேபிளை உறையிலிருந்து பிரித்தாரா என்பதை நீங்கள் கேட்கவே இல்லை. நேர் எதிர்க் கோடியிலும் சிலர் உண்டு. தினமும் ஒழுங்காகச் சார்ஜ் போட்டு, மாதக்கணக்கில் எஞ்சினையே எழுப்பாதவர்கள். டேங்கில் பெட்ரோல் பழசாகிக் கெடக்கூடாது என்று சில மாடல்கள் தாமாகவே எஞ்சினை ஓட்டிப் பார்க்கும். அதை அவர்கள் பழுது என்று புகார் எழுதுவார்கள்.

அடுத்து ரேஞ்ச், அதாவது ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம். "கம்பெனி சொன்ன தூரம் கிடைக்கிறதா?" என்பது எல்லாத் தாளிலும் வருகிறது. எந்தச் சோதனைப்படி சொன்ன தூரம் என்று ஒரு தாளிலும் இல்லை. ஐரோப்பாவில் ரேஞ்சை அளக்கப் பயன்படும் டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வகச் சோதனையின் ஒரு சுற்று 30 நிமிடம், சுமார் 23 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 46 கிலோமீட்டர், ஏசி அணைத்த நிலை. நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டரில் போகிறவருக்கு அந்த எண் வரவே வராது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 80-ஐவிட 120-இல் அது 2.25 மடங்கு. பெட்ரோல் காரில் ஊருக்குள் மைலேஜ் குறையும், நெடுஞ்சாலையில் கூடும். மின்காரில் இது தலைகீழ். இந்த ஒன்றைத் தெரியாமல் வாங்கியவர்தான் முதல் நெடும்பயணத்திலேயே மனம் கசந்துபோகிறார்.

குளிர் இந்தத் தலைகீழ்க் கணக்கையும் மாற்றிவிடும். எஞ்சின் காரில் வீணாகும் வெப்பமே உள்ளே இருப்பவரைக் கதகதப்பாக வைத்துவிடும். மின்காரில் அதற்கும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். ஹீட்டர் 3 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்கு 3 கிலோவாட் மணி கூடுதல், பொறுத்துக்கொள்ளலாம். நெரிசலில் சராசரி 20-இல் ஊர்ந்தால் அதே 100 கிலோமீட்டருக்கு 15 கிலோவாட் மணி. கார் ஓடுவதற்கே ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ஆகவே ரேஞ்ச் பற்றிய பதிலோடு வழக்கமான வேகம், ஹீட்டர் அல்லது ஏசி பயன்பாடு, கேட்ட மாதம் ஆகியவையும் பதிவாக வேண்டும். குளிர்காலத்தில் எடுத்த கணிப்பையும் கோடையில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "நம்பிக்கை கூடிவிட்டது" என்று தலைப்புப் போடுவது சரியல்ல.

சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்ற கேள்வியும் அப்படித்தான். 60 கிலோவாட் மணி பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 80-க்குக் கொண்டுபோக 42 கிலோவாட் மணி வேண்டும். 50 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். 230 வோல்ட், 32 ஆம்பியர் வீட்டுச் சார்ஜரில், இழப்பும் சேர்த்து, 6 மணி நேரத்துக்கு மேல். 80-க்குப் பிறகு செல்களைக் காக்க மின்னோட்டத்தைக் கார் தானே குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்துக்காக ஃபாஸ்ட் சார்ஜரில் காத்திருப்பவர் தன் நேரத்தையும் பின்னால் நிற்பவரின் நேரத்தையும் சேர்த்தே வீணாக்குகிறார். இரவில் தூங்கும்போது ஏறும் 6 மணி நேரமோ யாருக்கும் காத்திருப்பாகவே தோன்றாது. மின்கார் ஒருவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒரே கேள்வி எங்கள் கணக்கில் இதுதான்: "இரவில் உங்கள் கார் நிற்கும் இடத்திலிருந்து மின் பிளக் எத்தனை மீட்டர்?" வருமானத்தையும் வயதையும் படிப்பையும் கேட்கிறீர்கள், இதைக் கேட்பதில்லை.

சார்ஜ் போடுவது ஆபத்து என்று சொல்பவரை அப்படியே "பேட்டரி பயம்" என்ற கட்டத்தில் தள்ளிவிடாதீர்கள். அவர் வீட்டில் கருகியது சாக்கெட்டாக இருக்கலாம். சாதாரண சாக்கெட் 10 மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியர் கொடுக்கும் வேலைக்குப் பழகியதல்ல. உள்ளே திருகு தளர்ந்து, இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும், அந்தச் சின்ன இடத்தில் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் இரவு முழுக்கத் தேங்கும். முதலில் பிளக் முனை பழுப்பாகும், பிறகு பிளாஸ்டிக் இளகும். சார்ஜருக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி போட்டால் தீர்கிற விஷயம் இது. கார் ஆலைக்காரர் இதில் செய்ய ஒன்றும் இல்லை.

"பேட்டரி போய்விட்டது" என்ற பதிலில்தான் இன்னும் பெரிய கலப்படம். மின்காரிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர்கள் என்ற மின் சுவிட்சுகளை இயக்குவது அதுதான். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் அசையாது. மாற்றுவது சின்ன வேலை. ஆனால் உரிமையாளர் சொல்வது "பேட்டரி போச்சு", உங்கள் தாளில் விழுவது "பேட்டரி ஆயுள் குறைவு". சில ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் சீட்டின் ஓரத்து வழியாகத்தான் உள்ளே போகும். அந்த வாயில் ஒரு சல்லடை இருக்கும். நாய் முடியும் தூசியும் கம்பளிப் படலம்போல அதை மூடிவிட்டால் செல்கள் சூடேறி, எல்லாம் சேர்ந்து கெடாமல் நடுவில் ஒன்றிரண்டு முதலில் கெடும். இது பராமரிப்புக் குறை. உண்மையான தேய்மானம் வேறு, அதற்கு அளவுகோலும் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் 2022-இல் வந்த உலகளாவிய தொழில்நுட்ப விதி எண் 22, 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டரில் கொள்ளளவு 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டரில் 70 சதவீதமும் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. எனவே தனித்தனியாகக் கேளுங்கள்: எந்தப் பேட்டரி, எத்தனையாவது ஆண்டில், கொள்ளளவு எத்தனை சதவீதம் என்று அளந்து சொன்னார்களா, இல்லை ஊகமா?

தீயைப் பற்றி ஒன்று. வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மின்கார்களில் தீ குறைவு என்றே ஸ்வீடன் அரசின் கணக்கு காட்டியது. அங்கே மின்கார்கள் பெரும்பாலும் புதியவை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். ஆனால் பற்றிவிட்டால் அணைப்பது கடினம், நிறையத் தண்ணீர் வேண்டும், அணைத்த பிறகும் மணிக்கணக்கில், சமயத்தில் நாட்கள் கழித்துக்கூட மறுபடி பற்றலாம். பற்றும் வாய்ப்பு, பற்றினால் விளைவு என்று இரண்டு கேள்வியாகப் பிரியுங்கள். தாளின் கடைசிக்கும் கொண்டுபோங்கள். தீயைப் பற்றிக் கேட்டுவிட்டு உடனே "வாங்குவீர்களா?" என்றால் யார் ஆமாம் என்பார்?

சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்ற கேள்வியை விட்டே விடலாம். பேட்டரி அளவு, மின்சாரம் வரும் வழி, ஓடும் தூரம் மூன்றும் தெரியாமல் எங்களாலேயே பதில் சொல்ல முடியாது.

முடிவை வெளியிடும்போது முழு வினாத்தாளையும், கேட்ட மாதத்தையும், பதில் சொன்னவர்களில் இந்த வண்டியை வைத்திருப்பவர் எத்தனை பேர், ஓட்டியே பார்க்காதவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே வெளியிடுங்கள். இரு சாராரின் பதிலையும் கலந்து ஒரே சராசரி ஆக்காதீர்கள். அடுத்த தாளின் வரைவை அச்சுக்கு முன் எங்களைப் போன்ற பணிமனை ஆட்கள் நாலு பேரிடம் காட்டுங்கள். தவறான கட்டங்களைக் குறித்துத் திருப்பித் தருவோம், கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
மின்கார், ஹைபிரிட் பணிமனைகளில் வேலை செய்வோர் சிலர்