டாகென்ஹாமில் தைத்தவர்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
நவம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குட்டிக்குச் சளி விட்டுவிட்டது. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது, துவைத்த துணி காய மூன்று நாள் ஆகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. தினம் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் சொன்னால் நடுவில் "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான்.

வியாழக்கிழமை லைப்ரரியில் ஒரு வகுப்புக்குப் போகிறேன் என்றேன் அல்லவா? இங்கிலீஷ் கற்றுக்கொள்ள இல்லை. 1960, 70களில் இங்கே பெண்கள் நடத்திய போராட்டங்களைப் படிக்கிறோம். படித்ததை வைத்து ஆளுக்கொரு கதையோ கவிதையோ எழுதுகிறோம். ஓட்டுரிமைக்குப் போராடியது பெண்ணிய இயக்கத்தின் முதல் அலையாம், இது இரண்டாம் அலை. 1970-ல் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியில் ஒரு மாநாடு. சம சம்பளம், சமமான படிப்பும் வேலையும், இலவசக் கருத்தடையும் கேட்டால் கருக்கலைப்பும், 24 மணி நேர இலவசக் குழந்தைகள் காப்பகம் என்று நாலு கோரிக்கை. பெண்கள் உள்ளே பேச, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது ஆண்கள். வியாழக்கிழமை குட்டியைத் தூங்கவைப்பது உன் மாப்பிள்ளைதான். இதைச் சொன்னதும், "அப்ப நானும் சரித்திரத்துல வந்துட்டேன்" என்கிறார்.

எனக்குத் தூக்கம் போனது டாகென்ஹாம் கதையில்தான். டாகென்ஹாம் இங்கிருந்து ரயிலில் நாலாவது ஸ்டேஷன். அங்கே ஃபோர்டு ஃபேக்டரியில் 187 பெண்கள் கார் சீட்டுக்கு உறை தைத்தார்கள். வேலைக்குச் சேரும்போது தைத்துக் காட்டிப் பாஸாக வேண்டும். சேர்ந்த பிறகு, திறன் குறைந்த வேலை என்று 'பி' கிரேடு. அதிலும் அதே கிரேடு ஆணுக்குத் தருவதில் 85 சதவீதம்தான். 1968 ஜூன் 7-ம் தேதி மெஷினை நிறுத்தினார்கள். சீட் இல்லாத காரை யாருக்கு விற்பது? உற்பத்தியே நின்றது. மூன்று வாரத்தில் மந்திரி பார்பரா காசில் கூப்பிட்டுப் பேசினார். 85 என்பது 92 ஆனது, அப்புறம் 1970-ல் சம ஊதியச் சட்டமும் வந்தது.

எல்லோரும் அதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்டது காசு மட்டும் இல்லை. எங்கள் வேலை கைத்திறன் உள்ள வேலை, 'சி' கிரேடு கொடு என்றார்கள். அது கிடைக்க 1984-ல் இன்னொரு தடவை, ஆறு வாரம், வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. 16 வருஷம் அம்மா! காசைக்கூடக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது, உனக்கு வேலை தெரியும் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மனசு வராது.

அன்றைக்கு வகுப்பில் எழுதச் சொன்னது, ஒரு தையல் மெஷின் பேசுவதுபோல ஒரு பக்கம். மற்றவர்கள் ஃபோர்டு மெஷினை எழுதினார்கள். எனக்கு நம் வீட்டு ஜன்னலோரத்து மெஷின்தான் வந்தது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி நீ மிதிக்கிற சத்தம், தரையெல்லாம் லைனிங் துணிப் பிசிறு, வாயில் குண்டூசியோடு "நாளைக்குக் காலைல வா" என்று நீ சொல்வது. அளவு ஜாக்கெட் கொண்டுவராதவளை ஒரு பார்வை பார்த்தே துணியை வெட்டுவாய். "வீட்ல சும்மா இருந்து தைக்கிறதுதானே, பத்து ரூபா குறைச்சுக்கோ" என்பார்கள், நீயும் குறைப்பாய்.

அப்படியே எழுதிக்கொண்டு போனவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். பத்தாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? 'தாயாரின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியது அப்பா இல்லை, நான். நீ மெஷினில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. பேனாவும் நீ வாங்கிக் கொடுத்ததுதான். அதையும் மெஷின் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறேன்.

அடுத்து ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்தி அம்மாவைப் படிக்கப்போகிறோம். 1976-ல் லண்டன் கிரன்விக் ஃபேக்டரியில் வேலைநிறுத்தம் தொடங்கியவர், சேலை கட்டி மறியலில் நிற்கிற போட்டோ இருக்கிறது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை என் பக்கத்தை வாசிக்க வேண்டும். ஒரே ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறேன். ஜாக்கெட்டில் கையைத் தூக்கினால் பிடிக்காமல் இருக்க அக்குளுக்கு அடியில் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைப்பாயே, அதற்கு நீ என்ன பேர் சொல்வாய்? புதன்கிழமைக்குள் போனில் சொல்.

அன்புடன்,
உன் மகள்