எஸ்டேட் பங்களாவில் இன்னொரு பிணம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மறுபடி மர்மத் தொடர்கதை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடுங்கள், ஆனால் எங்கள் மலையை விட்டுவிடுங்கள். ஊட்டி என்றாலே பனிமூட்டம், கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காத கார், பொய் சொல்லும் வாட்ச்மேன். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

நான் கோத்தகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். என் தூக்கத்தைக் கெடுத்த மர்மக் கதை அமெரிக்காவில் நிஜமாகவே நடந்தது. எலிசபெத் ஹோம்ஸ் 19 வயதில் படிப்பை விட்டுவிட்டு 2003-ல் ஆரம்பித்த தெரனோஸ் என்ற ஸ்டார்ட்அப். விரலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தமே நூற்றுக்கணக்கான டெஸ்ட்டுக்குப் போதும் என்றார்கள், 2014-ல் கம்பெனியின் மதிப்பு 900 கோடி டாலர். உள்ளேயோ பெரும்பாலான டெஸ்ட்டுகளை வேறு கம்பெனி மெஷினில் ரகசியமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விரலை அழுத்திப் பிதுக்கினால் ரத்த அணுக்கள் உடைந்து பொட்டாசியம் ஏறின மாதிரி காட்டும், இது எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கே தெரியும். காலையில் முதல் சாம்பிளுக்கு முன்னால் கன்ட்ரோல் ஓட்டுவோம், அதாவது அளவு முன்பே தெரிந்த ஒரு திரவம். அது தப்பாக வந்தால், வெளியே மஃப்ளர் சுற்றிக்கொண்டு வெறும் வயிற்றோடு எத்தனை பேர் நின்றாலும் சரி, மெஷினைச் சரி பண்ணாமல் யார் ரத்தத்தையும் வைக்கக் கூடாது. அங்கே கன்ட்ரோல் தப்பினால் ஒத்துவராத எண்களை எடுத்துவிடுவார்களாம். படிப்பு முடித்த கையோடு சேர்ந்த எரிகா சியுங் அதைப் பார்த்துவிட்டு வேலையை விட்டார், 2015-ல் அரசுக்குப் புகார் எழுதினார். கூட வேலை பார்த்த டைலர் ஷுல்ட்ஸின் தாத்தா அதே கம்பெனியின் இயக்குநர், அவர் பேரனை நம்பவில்லை!

2022-ல் ஹோம்ஸுக்கு 11 வருடத்துக்கு மேல் சிறை, அதுவும் முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்கு. நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன குற்றச்சாட்டில் விடுதலை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படி ஒன்று எழுதச் சொல்லுங்கள் சார். எங்கள் ஊர்ப் பெண் கோவையில் ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்கிறாள், வீட்டில் கல்விக் கடன், சேர்ந்த அன்றே எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து. அப்புறம் ஒருநாள் கன்ட்ரோல் தப்புகிறது, மேனேஜர் ரிப்போர்ட்டை அனுப்பு என்கிறார். முதல் வாரத்தை அங்கே நிறுத்துங்கள், அடுத்த ஞாயிறு பேப்பர் வண்டி மலையேறும்போதே நான் கடை வாசலில் நிற்பேன்.

ஒரு வாசகி,
கோத்தகிரி