நாய்க்கும் பூனைக்கும் வைக்கும் பச்சை இறைச்சி பற்றி மகளுக்கு

ஒட்டுசுட்டான்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். விதைப்பு முடிந்துவிட்டது, வயலைப் பற்றி அம்மா தனியாக எழுதுவாள். நான் எழுதுவது போன ஞாயிறு நீ தொலைபேசியில் சொன்ன விடயத்தைப் பற்றி. நாய்க்கும் பூனைக்கும் கடை உணவை நிறுத்திவிட்டு, பச்சைக் கோழிக் கழுத்தும் அரைத்த மாட்டிறைச்சியும் வைக்கிறீர்கள் என்று சொன்னாய். பேரன் நடுவில் தொலைபேசியைப் பறித்துக்கொண்டதால் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் மிருக வைத்தியன் அல்லன். ஆனால் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இந்தப் பகுதியின் பட்டிகளிலும் ஆட்டுக் கொட்டில்களிலும் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தோடும், அதன் பின்னர் தேடி வாசித்தவற்றோடும் சொல்கிறேன்: இறைச்சி வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதைப் பச்சையாக வைப்பதையும், வெறும் தசையை மட்டும் வைப்பதையும் நீ உடனே நிறுத்த வேண்டும்.

பச்சை இறைச்சிதான் நாய்க்கு ஏற்ற உணவு என்று மருமகன் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பச்சை இறைச்சி தின்னும் நாயின் மலம் குறைவாகவும் இறுக்கமாகவும் இருக்கும், ஏனெனில் அதில் பெரும்பகுதி சமித்துவிடுகிறது. எலும்பைக் கடிப்பதால் பல்லில் படியும் காரையும் ஓரளவு குறையும். 1993 இல் அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் இந்த முறையைப் பற்றி எழுதிய பிறகுதான் அது வீடுகளுக்குள் பரவியது. ஓநாயின் வழிவந்தது நாய், ஓநாய் தின்பதையே நாயும் தின்ன வேண்டும் என்பது இந்த முறையை ஆதரிப்பவர்களுடைய அடிப்படை வாதம். ஆனால் 2013 இல் சுவீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுவை ஓநாயின் மரபணுவோடு ஒப்பிட்டபோது, மாப்பொருளைச் சமிக்க வைக்கும் நொதியத்துக்கான மரபணு ஓநாயில் பொதுவாக இரண்டு பிரதிகளாகவும், நாயில் அதைவிடப் பல மடங்காகவும் இருப்பதைக் கண்டார்கள். மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து அவன் சோற்றைப் பங்கிட்டுத் தின்ற மிருகம் அது. வன்னியில் இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. சோறும் மீன் குழம்பும் தின்றே நம் வளவு நாய்கள் காவல் காத்தன.

"ஊரில் நாய்கள் பச்சையாகத்தானே தின்றன, அப்பா?" என்று கேட்டாய். தின்றன. ஆடு அடிக்கும் நாளில் எறிகிற குடலையும், மீன் வெட்டும்போது விழும் செதிளையும் தலையையும் தின்றன. ஆனால் அவற்றின் அன்றாட உணவு அதுவன்று. அவற்றில் எத்தனை புழு நிறைந்த வயிற்றோடு மெலிந்து செத்தன என்று இங்கே எவரும் கணக்கு வைக்கவுமில்லை. இதைவிட முக்கியமான ஒன்று: அந்த நாய்கள் முற்றத்தில் கிடந்தன, வெயிலில் காய்ந்தன, குசினிக்குள் வரவில்லை, குழந்தையின் முகத்தை நக்கவில்லை. உங்கள் நாயோ தொடர்மாடி வீட்டுக்குள் பேரனோடு ஒரே கம்பளத்தில் படுக்கிறது.

ஆடு அடிக்கும் இடத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். குடலைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வை விரித்துப் பார்த்தால் சில ஆடுகளில் நுங்கின் கண்ணைப் போலத் தெளிந்த நீர்ப்பைகள் தொங்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளிதான் நாடாப்புழுவின் தலை. அதை நாய் தின்றால் அதன் குடலில் முழுப் புழுவாக வளரும். நாயின் மலத்தோடு முட்டை புல்லில் விழும். புல்லை ஆடு மேயும். இந்தச் சுற்றை வெட்டுவதற்காகவே, கழிவை நாய்க்கு எறியாமல் ஆழமாகப் புதைக்கும்படி வீடு வீடாகச் சொல்லித் திரிந்தோம். "நாங்கள் உறையவைத்துத்தான் கொடுக்கிறோம்" என்று நீ சொல்வாய். நீண்ட நாள் நன்றாக உறையவைத்தால் இத்தகைய புழுக்கூடுகள் பெரும்பாலும் செத்துவிடும் என்பது சரி. ஆனால் சல்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற பற்றீரியாக்கள் உறைகுளிரில் சாவதில்லை. உறங்கிக் கிடந்து, இறைச்சி இளகியதும் மறுபடி பெருகத் தொடங்கும்.

நீங்கள் இருக்கும் கனடாவிலேயே 2007 இல் வெளியான ஓர் ஆய்வில், சல்மொனெல்லா கலந்த பச்சை உணவைத் தின்ற 16 நாய்களில் 7 நாய்கள் அந்தக் கிருமியை மலத்தோடு வெளியேற்றின. ஆனால் ஒரு நாய்க்குக்கூட நோய்க்குறி தெரியவில்லை. "எங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நீ சொன்ன சொல்லால் எனக்கு நிம்மதி வராததற்குக் காரணம் இதுதான். நாய் திடமாக ஓடித் திரியும்; அதன் வாயிலும் பின்புறத்திலும் உரோமத்திலும் கிருமி இருக்கும்; இரண்டு வயதுப் பிள்ளை அதைக் கட்டிப்பிடித்துவிட்டு விரலைச் சூப்பும். 2023 இல் கனடாவின் ஆறு மாகாணங்களில் பல மருந்துகளுக்கும் அடங்காத ஒரு சல்மொனெல்லா பரவியபோது, சுகாதாரத் துறையினர் அதைச் செல்லப்பிராணிகளின் பச்சை உணவோடும் மாடுகளோடு பழகுவதோடும் தொடர்புபடுத்தினார்கள். நோயுற்றவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட சிறு பிள்ளைகள் பலர். கிண்ணத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் இந்தக் கிருமி முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. அமெரிக்க மிருக வைத்தியச் சங்கம் 2012 இலேயே பச்சை இறைச்சி உணவைத் தவிர்க்கச் சொன்னது.

கோழிக் கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னங்காலில் தொடங்கி உடல் முழுவதும் தளர்ந்துபோகும் ஒரு வாத நோய் நாய்களுக்கு வருவதுண்டு. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தார் 2018 இல் அந்த நோயைப் பச்சைக் கோழி இறைச்சியோடும், அதிலுள்ள கம்பைலோபக்டர் என்ற கிருமியோடும் தொடர்புபடுத்தினார்கள். கழுத்துத் துண்டையே அவர்கள் குறிப்பாகச் சொன்னார்கள். நீ அன்றாடம் வைப்பதும் அதையேதான்.

பூனையைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அது நாயைப் போல அன்று. இறைச்சியின்றி அதனால் வாழவே முடியாது. ஆனால் பூனை உயிரோடு பிடித்துத் தின்பது தசைத் துண்டை அன்று. நெல் மூட்டைக்குப் பின்னால் எலி பிடித்த பூனையை நீயும் சிறு வயதில் பார்த்திருப்பாய்: தலையிலிருந்து தொடங்கி, மண்டையோட்டை நறுக்கென்று நொறுக்கி, இதயம், ஈரல், விலா எலும்பு எல்லாவற்றையும் தின்றுவிட்டு, கடைசியில் வாலையோ சிறுகுடலையோ மட்டும் விட்டுப் போகும். எலும்பில் கல்சியம் இருக்கிறது. இதயத்தில் டோரின் என்ற சத்து நிறைந்திருக்கிறது. எலும்பு நீக்கிய தசையில் கல்சியத்தைவிடப் பொசுபரசு 15 முதல் 20 மடங்கு அதிகம். குட்டிகளுக்கு அதை மட்டும் கொடுத்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை உறிஞ்சி, கால் எலும்பு தானாக முறியும் நிலைக்கு வந்துவிடும். டோரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளரும், கண்பார்வையும் போகும். இந்த இதய நோய்க்குக் காரணம் டோரின் குறைவு என்று கலிபோர்னியாவில் கண்டுபிடித்தது 1987 இல். அப்போது நோயுற்றவை கடையில் விற்ற உணவைத் தின்ற பூனைகள். ஆய்வுகூடமும் ஆட்களும் வைத்துத் தயாரித்தவர்களே அந்த அளவைத் தவறவிட்டார்கள் என்றால், குசினியில் கண்ணளவில் போட்டு அதைச் சரியாக்க முடியுமா என்று நீயே யோசித்துப் பார். அதற்குப் பிறகு அவர்கள் அளவைக் கூட்டிவிட்டார்கள். உன் கையிலிருக்கும் அரைத்த இறைச்சியில் அப்படி எவரும் எதையும் கூட்டவில்லை.

மாற்றமாக இருக்கட்டும் என்று பச்சை மீன் வைக்கவும் நினைக்காதே. சூடை, நெத்தலி இன மீன்களிலும் கெண்டை இனங்களிலும் விற்றமின் பி1 ஐ அழிக்கும் ஒரு நொதியம் உண்டு. அவித்தால் அது செயலிழந்துவிடும். பச்சையாகத் தொடர்ந்து தின்றால் பூனை தலையை நெஞ்சோடு தொங்கப்போட்டு, நடை தடுமாறி, வலிப்பு வந்து விழும். ஈரலும் அப்படித்தான்: சிறிதளவு நல்லது, அதையே முக்கிய உணவாக்கினால் விற்றமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பறவைக் காய்ச்சலையும் நீ அறிந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரலில் உங்களுக்குப் பக்கத்து ஊரான ஒஷாவாவில், காட்டு வாத்தைக் கடித்த ஒரு வீட்டு நாய் அந்த வைரசு தொற்றி இறந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், உறையவைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை அதே வைரசால் இறந்தது; பூனையில் இருந்த வைரசும் உணவில் இருந்த வைரசும் ஒன்றே என்று பரிசோதனை காட்டியது. பூனைகள் இந்த நோயை மிகக் குறைவாகவே தாங்குகின்றன.

இனி, உனக்காகச் சொல்வது. நீ இப்போது ஏழாம் மாதம். பச்சை இறைச்சியால் பூனைக்கு டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வரலாம். முதன்முறை தொற்றும் பூனை அதன் முட்டைகளைச் சில வாரங்களுக்கு மலத்தோடு கழிக்கும். கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் அது பாதிக்கக்கூடும். பூனையைத் தொடாதே, வெளியே அனுப்பிவிடு என்று நான் சொல்லவில்லை. அந்த முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது செல்லும். ஆகவே மண் தட்டை மருமகன் கையுறை போட்டு நாள்தோறும் அள்ளிக் கொட்டட்டும். நீ அந்தப் பக்கம் போகாதே, பச்சை இறைச்சியையும் நீ இளக்கி வெட்டாதே.

நாய், பூனை இரண்டுக்கும், முழுமையான சமநிலை உணவு என்று பொதியில் தெளிவாக எழுதியிருக்கும் உணவுக்கே திரும்புங்கள். ஒரேயடியாக மாற்றாமல் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றினால் வயிறு குழம்பாது. அதன் மேல் இறைச்சி கொடுக்க ஆசை என்றால், ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கொடுக்கலாம். எலும்பை முழுவதும் நீக்கிவிடு. அவித்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். உப்பு, வெங்காயம், உள்ளி எதுவும் சேர்க்காதே. வெங்காயமும் உள்ளியும் இரண்டின் இரத்தத்தையும் கெடுக்கும், அதிலும் பூனைக்குச் சிறிதளவே போதும். கோழி இறைச்சியின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டும்வரை அவித்து, அவித்த நீரையும் சேர்த்தே வை. டோரின் அந்த நீரில்தான் கரைந்து இறங்கியிருக்கும். பூனைக்கு நெஞ்சுப் பகுதியைவிடக் கோழி இதயம் நல்லது. முழு உணவையும் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க வேண்டும் என்று மருமகன் விரும்பினால், கல்சியமும் டோரினும் எவ்வளவு சேர்ப்பதென்று விலங்கு உணவில் தேர்ந்த மிருக வைத்தியர் ஒருவரிடம் எழுதி வாங்கிய பிறகு தொடங்கட்டும்.

இந்த வாரமே பூனையைக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்து, இதயத்தையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; எத்தனை நாளாகப் பச்சை இறைச்சி தின்கிறது என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பேரனுக்கு வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்தால் அவனுடைய வைத்தியருக்கும் அதையே முதலில் சொல்ல வேண்டும். குளிர்ப்பெட்டியில் மிஞ்சியிருக்கும் கோழிக் கழுத்தை நன்றாகக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அது இருந்த தட்டை மருமகனைக் கொண்டு கிருமிநீக்கி போட்டுத் துடைப்பித்துவிடு. பூனையின் நிறையையும் வைத்தியர் சொன்னதையும் ஞாயிறு பேசும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா